கலிங்கப் போர் பற்றிய அசோகர் கல்வெட்டு: ஒரு மதிப்பீடு

மௌரியப் பேரரசர் அசோகரின் 13ஆம் பெரும்பாறைக் கல்வெட்டு, கலிங்கப் போரையும் அதனால் மன்னர் அடைந்த மனவருத்தத்தையும் கூறும் ஆவணமாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இது, கிர்னார், கால்சி, ஷாபாஸ்கர்ஹி முதலிய இடங்களில் பொறிக்கப்பட்டுள்ளது.

உள்ளடக்கம்

அசோகர் முடிசூடி 8 ஆண்டுகளான பின் கலிங்கம் வெல்லப்பட்டது. அப்போரில் 1,50,000 பேர் சிறைபிடித்துக் கொண்டு செல்லப்பட்டனர். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். அதைப்போல் பன்மடங்கினர் மடிந்தனர் என்கிறது கல்வெட்டு. உயிர் தப்பியவர்களும் தம் உற்றாரின் துயரால் வருந்துவதை அது தனியே குறிப்பிடுகிறது. பொதுவாக மன்னர்கள் இத்தகைய எண்ணிக்கையைத் தம் வீரத்தைக் காட்டவே பொறிப்பர். இங்கு அது வருத்தத்தைக் காட்டப் பயன்படுகிறது. இதுவே இக்கல்வெட்டின் தனிச்சிறப்பு. தம்மத்தால் பெறும் வெற்றியே உயர்ந்தது என்று கூறி, அவ்வெற்றி பரவிய இடங்களுள் சோழ, பாண்டிய நாடுகளையும் இது குறிப்பிடுகிறது.

குறைகள்

போரைக் கைவிட்டு அறவழி நின்றவர் என்று அசோகரைப் பற்றி ஒரே வரியில் கூறுவது வழக்கம். கல்வெட்டு அவ்வளவு எளிதானதன்று. சிறைபிடிக்கப்பட்டோர் ஊர் திரும்பினர் என்றோ, கலிங்கத்துக்கு விடுதலை அளிக்கப்பட்டது என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. வருந்தும் நிலையிலும் தமக்கு வலிமை உண்டு எனக் காட்டுவாசி மக்களை மன்னர் எச்சரிக்கவும் செய்கிறார்.

மேலும், கலிங்கத்தைச் சேர்ந்த தௌலி, ஜௌகடா ஆகிய இரு இடங்களிலும் இக்கல்வெட்டு இடம்பெறவில்லை. துயரப்பட்ட மக்களின் மண்ணில் மன்னரின் வருத்தம் எழுதப்படவில்லை. தொலைவில் இருந்தோருக்கே அது கூறப்பட்டது.

தனிக் கல்வெட்டுகள்

அதற்கு ஈடாக அவ்விரு இடங்களிலும் இரண்டு தனிக் கல்வெட்டுகள் உள்ளன. மக்கள் அனைவரும் தம் பிள்ளைகள் என்று அவற்றில் அசோகர் கூறுகிறார். காரணமின்றி யாரையும் சிறையிடவோ துன்புறுத்தவோ கூடாது என அதிகாரிகளுக்கு ஆணையிடுகிறார். இதைக் கண்காணிக்க 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதிகாரி அனுப்பப்படுவார் என்றும் அறிவிக்கிறார்.

மதிப்பீடு

வென்ற நாட்டில் தம் தவற்றை ஒப்புக்கொள்ள அரசு தயங்கியிருக்கலாம். ஆயினும் தோற்ற மக்களுக்கு மன்னரின் வருத்தத்தைவிட நீதியான நிருவாகமே உடனடித் தேவையாக இருந்தது. ஆகவே 13ஆம் கல்வெட்டைத் தனித்துப் படித்தால் அசோகரின் மனம் மட்டுமே தெரியும். கலிங்கத்துத் தனிக் கல்வெட்டுகளுடன் சேர்த்துப் படித்தால்தான் அவரது ஆட்சி தெரியும். மனமாற்றத்தைப் புகழ்வதோடு நில்லாமல், அது எத்தகைய ஆணைகளாக மாறியது என்று பார்ப்பதே அவரை மதிப்பிடும் முறையாகும்.