பொதுச் சமையற்கூடம்: ஒரு விமர்சனம்

நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதுகிறோம். சங்கக் கட்டடம் திறந்தால் மேடையையும் ஒலிபெருக்கியையும் பாராட்டி நாலு வரியாவது எழுதிவிடுகிறோம். அந்தக் கட்டடத்தின் பின்புறம், கறிவேப்பிலை மணக்கும் அந்த ஒரு அறையைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. இத்தனைக்கும் விழாவுக்கு வருகிற குடும்பங்களில் பாதிப் பேருக்கு விழா முடிந்தபின் நினைவில் நிற்பது அன்றைய சாம்பார்தான். ஆகவே, ஆய்வுக் கட்டுரைகளுக்கு நடுவே ஒரு சமையற்கட்டை விமர்சிக்க வந்திருக்கிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் சொந்த ஊர் சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம். பெயரைப் பாருங்கள். 'வெதுரு' தெலுங்கில் மூங்கில், 'குப்பம்' நம்முடையது. மாவட்டமே அப்படித்தான். 1911-இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் கடப்பையின் பகுதிகளையும் சேர்த்து உருவாக்கியது சித்தூர் மாவட்டம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது நாங்கள் அந்தப் பக்கம் போனோம். 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. எங்கள் வீட்டில் களி என்றாலும் சங்கட்டி என்றாலும் தட்டில் விழுவது ஒரே கேழ்வரகு உருண்டைதான்.

அந்த ஊரில் பொதுச் சமையற்கூடம் என்று கட்டடம் எதுவும் கிடையாது. கல்யாணம் என்றால் முதல் நாள் மாலை மாந்தோப்பு ஓரத்தில் கோட்டை அடுப்பு வெட்டுவார்கள். முழங்கால் ஆழத்துக்கு ஒரு நீளப் பள்ளம், காற்று வரும் திசை பார்த்து ஒரு வாய். அதன் மேல் எத்தனை அண்டா வேண்டுமோ அத்தனை. சனம் அதிகம் என்றால் பள்ளத்தை இன்னும் இரண்டு முழம் நீட்டுவார்கள். காய் நறுக்கும் பெண்கள் புளியமர நிழலில். சோறு வடிக்க வாய்க்கால் பக்கம். பாத்திரம் கழுவுவது அதற்கும் கீழே. மூன்றாம் நாள் பள்ளத்தை மூடிவிட்டால் அங்கே சமையல் நடந்த அடையாளமே இருக்காது. கட்டடக் கலைஞர்கள் இன்று 'நெகிழ்வான அமைப்பு' என்று பெரிய பேச்சாகப் பேசுவதை எங்கள் ஊர் மண்வெட்டி அன்றே செய்து காட்டியது. புகையில் கண் எரிந்ததும், மழை வந்தால் எல்லாம் பாழானதும் உண்மைதான். பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் எனக்குப் பழக்கமான ஒரு தமிழ் மன்றக் கட்டடம்; பெயர் வேண்டாம். அதன் சமையற்கூடத்தில் மூன்று சுவரையும் ஒட்டிக் கருங்கல் மேடை. நடுவில் அசைக்க முடியாத இன்னொரு சிமெண்ட் மேடை. ஒரே தொட்டி. ஒரே கதவு. எரிவாயு உருளைகள் மேடைக்கடியில், பலகைக் கதவு போட்ட மூடிய அறையில். பார்க்க அழகாக இருக்கும். திறப்பு விழா அன்று நானும் "பிரமாதம்" என்று சொன்னவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் உண்மை தெரிந்தது. காலையில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இட்லி. பத்து மணிக்கு ஒரு குடும்பத்தின் அறுபதாம் கல்யாணச் சமையல். வெங்காயம், பூண்டு கூடாது. மாலையில் இளைஞர் அணியின் பிரியாணி; அவர்கள் மதியமே வந்து கறி ஊறவைக்க வேண்டும். மூன்று கூட்டமும் ஒரே கதவில், ஒரே தொட்டியில். இட்லிப் பானை கழுவுகிற தண்ணீர் பாயசத்துக்குப் பால் காய்ச்சுகிற இடத்தில் தெறித்தது. கறிப் பாத்திரம் உள்ளே நுழைந்ததும் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். வாய்ப்பேச்சு வளர்ந்தது. சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்: "சாமி, இந்த ரூமைக் கட்டினவரு ஒரு நாளாச்சும் சோறு வடிச்சிருப்பாரா? அண்டாவைத் தூக்கிக்கிட்டு இந்த மூலையில எப்படித் திரும்புறது?"

அடுத்த மாதமே 'அசைவம் அனுமதி இல்லை' என்று பலகை தொங்கியது. அதற்குப்பின் சில குடும்பங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன. யாரும் சண்டை போடவில்லை, சும்மா வரவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் வகுப்புக்கும் வரவில்லை. ஒரு தொட்டி குறைந்ததற்கு நாம் கொடுத்த விலை இது. மனங்களின் குறுகல் என்று மேடையில் பேசலாம். ஆனால் அந்த அறையின் குறுகலும் அதில் பாதிப் பங்கு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

திருத்தி அமைக்கலாம் என்று குழு கூடியபோது எல்லோர் வாயிலும் திருமலைதான். "நம்ம ஊர்ப் பக்கத்துலயே உலகத்துக்கே சோறு போடுறாங்களே, அதைப் பார்த்துச் செய்யலாமே" என்றார்கள். எங்கள் பழைய மாவட்டத்துப் பெருமை, மகிழ்ச்சிதான். ஆனாலும் விமர்சகன் பெருமையைக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டும்.

திருமலையில் நித்திய அன்னதானத் திட்டம் 1985-இல் என்.டி.ராமாராவ் முதல்வராக இருந்தபோது தொடங்கியது. 2002-இல் சூரிய வெப்பத்தைக் குவி தட்டுகளால் பிடித்து நீராவியாக்கிச் சமைக்கும் ஏற்பாடு வந்தது. நாளொன்றுக்கு 15,000 பேருக்குச் சமைக்கும் அளவு அது. 2011 ஜூலையில் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டில் திறந்துவைத்த புதிய வளாகத்துக்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பிறந்து, இளம் விதவையாகி, தெலுங்கில் கவி பாடி, மலையில் பக்தர்களுக்குச் சோறு போட்ட அம்மையார் அவர். வளாகத்தில் நான்கு கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் உட்காரலாம். சோறு நீராவியில் வேகிறது.

அங்கே எனக்குப் பிடித்தது அளவு அல்ல, ஓட்டம். அரிசி வரும் வழி வேறு, வெந்த சோறு போகும் வழி வேறு, எச்சில் திரும்பும் வழி வேறு. ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுவதில்லை. எங்கள் மன்றத்தின் ஒற்றைக் கதவுக்கு இது நல்ல பாடம். ஆனால் அதற்கு மேல் அங்கிருந்து நகல் எடுக்க ஒன்றுமில்லை என்பேன். திருமலைக் கூடம் ஒரே கையின் கீழ், ஒரே விதமான உணவை, நாள் முழுக்கச் சமைக்கிறது. நீராவிக் கொப்பரையைத் தரையில் பதித்துவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். நம்முடையது அதற்கு நேர் எதிர்: பல கை, பல வாய், பல விரதம், வாரத்தில் ஐந்து நாள் பூட்டு. ஆயிரம் பேருக்கு ஒரே சாம்பார் வைப்பதைவிட, நாற்பது பேருக்கு மூன்று விதமாகச் சமைக்க இடம் கொடுப்பது வடிவமைப்பில் கடினமான வேலை.

வடலூரையும் ஒருவர் எடுத்துச் சொன்னார். வள்ளலார் 1867 மே 23-ஆம் நாள் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்த நீள அடுப்பைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கோட்டை அடுப்பு நினைவுக்கு வந்தது. பசித்தவன் யாராயினும் சோறு என்பது அதன் தத்துவம். ஆனால் உண்பவர் யாராயினும் என்பது ஒரு கேள்வி. சமைப்பவர் யாராயினும் என்பது இன்னொரு கேள்வி. நம் மன்றத்தில் சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது.

மேல்நாட்டிலிருந்து நம் வீடுகளுக்கு வந்த சமையலறைக்கும் ஒரு மூதாதை உண்டு. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வரைந்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப்பெட்டியைப் பார்த்து, எத்தனை அடி நடக்கிறோம் என்று எண்ணி எண்ணிச் சுருக்கியது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அமைத்தார்கள். வேலைக்குப் போகும் பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்த நினைத்த நல்ல மனம்தான். ஆனால் அந்த அறைக்குள் இரண்டாவது ஆள் நுழைய முடியாது. சமைப்பவள் ஒருத்தி, அவள் தனியாகத்தான் இருப்பாள் என்பது சுவரிலேயே எழுதப்பட்டுவிட்டது. நம் மன்றத்தின் கருங்கல் மேடைகளைப் போட்டவரும் ஒரு வீட்டுச் சமையலறையைப் பெரிதாக்கிவிட்டால் பொதுச் சமையற்கூடம் ஆகிவிடும் என்று நம்பியிருக்கிறார். ஆகாது. எட்டு பேர் சேர்ந்து முறுக்குச் சுற்ற வேண்டும் என்றால் அவர்கள் முகம் பார்த்து உட்கார வேண்டும். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு யார் ஊர்க்கதை பேசுவார்கள்?

அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கரில் ரொட்டி சுடும் இயந்திரமும் உண்டு. பக்கத்திலேயே யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து மாவு உருட்டும் இடமும் உண்டு. இயந்திரம் இருக்கிறதே என்று மனிதர்களை எழுப்பி அனுப்பிவிடவில்லை.

சரி, எங்கள் புதிய வரைபடம். அதன் அடிப்படை எளிது: தண்ணீர், கழிவுநீர், எரிவாயு, புகைபோக்கி இந்த நான்கும் சுவரோடு நிலையாக; மற்றதெல்லாம் நகரும்படி. நடு மேடையை இடித்துவிட்டுச் சக்கரம் வைத்த எஃகு மேசைகள். எதிரெதிர் மூலைகளில் இரண்டு தொட்டி, இரண்டு அடுப்பு வரிசை, தனித்தனியே பாத்திர அலமாரி. பச்சைப் பட்டை போட்ட பாத்திரம் சைவத்துக்கு, சிவப்புப் பட்டை அசைவத்துக்கு. எரிவாயு உருளைகள் கட்டடத்துக்கு வெளியே கம்பி வலைக் கூண்டில். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மேலே மின்விசிறி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. தரைமட்டத்தில் காற்றுப்போக்கு வேண்டும். பழைய அமைப்பில் 19 கிலோ உருளைகள் மூடிய அலமாரிக்குள் இருந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு பெருமையோடு அதே சமையல்காரரிடம் போனேன். மேசையின் சக்கரத்தைப் பார்த்தார். "இதுல மாவு பிசைஞ்சா மேசையும் கூடவே வருமே சாமி" என்றார். பூட்டும் சக்கரம் என்று விளக்கினேன். "பூட்டு ஆறு மாசம் இருக்கும்" என்றார். நகர்வது எல்லாம் நல்லது என்று நான் கொண்டிருந்த எண்ணம் அங்கே ஆடிப்போனது. பரோட்டா மாவு அடிப்பதற்கும் கிரைண்டர் வைப்பதற்கும் அசையாத மேடை ஒன்று வேண்டும்தான். ஜன்னலடிக் கருங்கல் மேடையை இடிக்காமல் விட்டோம். இன்னொன்றும் சொன்னார்: ஒரு மூலையில் ஒன்றுமே போடாமல் வெறும் தரை விடச் சொன்னார். அருவாமனை போட்டு உட்கார. பலாப்பழம் நின்றுகொண்டு அறுக்கிற பழமா என்ன? அந்த வெறும் தரைக்கு வரைபடத்தில் பெயர் எழுதத் தெரியாமல் கட்டடக் கலைஞர் தவித்தது வேடிக்கை. கடைசியில் 'காலி இடம்' என்று எழுதினார்.

ஒரு விஷயத்தில் குழுவோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. அசைவச் சமையலை மட்டும் பின்புறக் கொட்டகைக்கு அனுப்பிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செலவு குறையும், சண்டையும் இருக்காது என்பது அவர்கள் வாதம். கொட்டகை நல்லதே, வெயில் காலத்தில் நானே அங்கேதான் சமைப்பேன். ஆனால் யார் உள்ளே, யார் வெளியே என்று சுவர் கட்டிப் பிரித்துவிட்டால், வராமல் போன குடும்பங்களுக்கு நாம் என்ன சொல்லி அழைப்பது? வாரம் மாறி வாரம் எந்தக் குழுவும் கொட்டகைக்குப் போகட்டும். பாயசக்காரர்களும் போகட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையே நடு மேடையை இடித்தாகிவிட்டது. இடித்த ஞாயிறு அன்று தூசி அடங்குவதற்குள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அந்த வெற்றிடத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்; இட்லி வர அன்று அரை மணி நேரம் தாமதம்.