முற்றுப்பெறா இறந்தகாலமும் மொந்தெரோசோவின் ‘டைனோசர்’ கதையும்

ஸ்பானிய மொழியில் எளிய இறந்தகால வடிவங்கள் இரண்டு. ஒன்று, நிகழ்வை எல்லைகளோடு கூடிய முழுமையாகக் காட்டுவது. மற்றொன்று, தொடக்கத்தையும் முடிவையும் காட்டாது நிகழ்வின் நடுவே நின்று நோக்குவது. பின்னதே முற்றுப்பெறா இறந்தகாலம். குவாத்தமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மொந்தெரோசோ 1959இல் வெளியிட்ட ‘டைனோசர்’ என்னும் ஏழு சொற் கதை, இவ்விரண்டின் முரணிலேயே பொருள் பெறுகிறது.

வடிவ நிலையில் இக்காலம் எளியது. ‘அர்’ ஈற்று வினைகள் ‘ஆபா’ என்னும் விகுதியையும், ‘எர்’, ‘இர்’ ஈற்று வினைகள் ‘ஈயா’ என்னும் விகுதியையும் ஏற்கும். அப்லார் (பேசு) அப்லாபா எனவும், கோமெர் (உண்) கோமீயா எனவும், பிபீர் (வாழ்) பிபீயா எனவும் வரும். தன்மை ஒருமைக்கும் படர்க்கை ஒருமைக்கும் வடிவம் ஒன்றே. செர் (ஆகு), இர் (செல்), பெர் (காண்) ஆகிய மூன்று வினைகளே இதற்கு விதிவிலக்கு.

வடிவம் எளிதாயினும் பயன்பாடு அத்தகையதன்று. வழக்கம், தொடர்ச்சி, வருணனை ஆகியவற்றை உணர்த்துவது இக்காலம் என்பது பாடநூல்கள் தரும் பொதுவிளக்கம். இது போதுமானதன்று. ‘அங்கே இரண்டாண்டுகள் இருந்தார்’ என்னும் பொருளில், கால அளவு நீண்டதாயினும், ‘எஸ்துபோ’ என்னும் முற்றுப்பெற்ற வடிவமே வரும். ஆகவே வேறுபாடு கால நீட்சியில் இல்லை. எல்லை காட்டப்படுகிறதா என்பதிலேயே உள்ளது.

கதையில் விழித்தெழுதலைக் குறிக்கும் ‘தெஸ்பெர்தோ’ முற்றுப்பெற்றது. விலங்கின் இருப்பைக் குறிக்கும் ‘எஸ்தாபா’ முற்றுப்பெறாதது. விழிப்பு ஒரு கணத்தில் முடிகிறது, இருப்பு முடிவதில்லை. அவ்விலங்கு எப்போது வந்தது, எப்போது அகலும் என்பவற்றிற்கு வினைவடிவம் விடை தருவதில்லை. ‘எஸ்தாபா’ இருந்த இடத்தில் ‘எஸ்துபோ’ வருமாயின் அவ்விருப்பிற்கு எல்லை அமைந்துவிடும். கதையின் அச்சமும் அதனோடு நீங்கும்.

தமிழாக்கத்தில் இச்சிக்கல் தெளிவாகப் புலப்படுகிறது. விழித்தவர் ஆணா பெண்ணா என்பதை மூலம் மறைக்கிறது. ‘விழித்தபோது’ என்னும் எச்சத் தொடரால் தமிழும் அதனை மறைக்க இயலும். ஆனால் ‘இருந்தது’ என்னும் முற்று இருவகை இறந்தகாலத்திற்கும் பொது. ‘இருந்துகொண்டிருந்தது’ எனின் தொடர்ச்சி மிகைப்படுகிறது. எனவே மூல வினைவிகுதி சுமக்கும் பொருளைத் தமிழில் ‘இன்னும்’ என்னும் சொல்லே பெரிதும் தாங்க வேண்டியுள்ளது.

விகுதிப் பட்டியலை மனனம் செய்வது தொடக்கமே. ‘நிகழ்வின் எல்லை காட்டப்படுகிறதா?’ என்னும் வினாவே கற்போருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய அளவுகோல்.