தாளமும் ஏளனமும்

ஆடுவதற்கென்றே பிறந்த இசையின் மீது கனவான்கள் சாட்டும் குற்றங்கள் தேசத்துக்குத் தேசம் அதிகம் வேறுபடுவதில்லை: ஒரே தாளம் ஓயாமல் ஒலிக்கிறது, சாகித்தியம் அற்பம், சப்தம் அதிகம், வாசிப்பவனுக்குச் சாஸ்திர ஞானம் கிடையாது. மின்னிசை நடனச் சங்கீதம் என்று இன்று உலகெங்கும் இளைஞரை விடியும்வரை ஆடவைக்கும் கலையைப் பற்றி மேனாட்டார் சொன்ன இவை அனைத்தையும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் தப்பு அடிப்பவரைப் பற்றி நம்மவர் வெகுகாலத்துக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார்கள்.

விடியுமுன் லயம் என்னும் தோட்டக் குடியிருப்பின் சனங்களை எழுப்பி, வேலைக்கு ஆளெண்ணும் பெரட்டுக்களத்துக்கு விரட்டியதும், மாரியம்மன் திருவிழாவில் சாமியை அழைத்ததும், பிணத்துக்கு முன்னே மயானம்வரை நடந்ததும் தப்புத்தான். வட்டமான சட்டத்தில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றி, ஒரு கையில் தடித்த குச்சியும் மறு கையில் மெல்லிய நீண்ட குச்சியுமாக அடிக்கும் இவ்வாத்தியத்தின் வித்துவத்தை அறிய விரும்புவோர், மாசி மாதத்துக் காமன் கூத்தை இரவு கண்விழித்துப் பார்க்க வேண்டும். சிவனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்த கதையை நிகழ்த்தும் அக்கூத்தில், ரதியும் மதனும் ஆட ஓர் அடி, தூதன் வர வேறோர் அடி, வீரபத்திரன் உக்கிரத்தோடு களத்தில் இறங்க மற்றோர் அடி என்று, எந்த ஏட்டிலும் எழுதப்படாத இலக்கணமொன்று தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு வந்திருக்கிறது. ஒரே அடி திரும்பத் திரும்ப வருவதைக் குறையென்பவர் அந்தக் களத்தில் ஐந்து நிமிஷமாவது நின்றவரல்லர். அந்தத் திரும்புதலிலேதான் நாள் முழுதும் மலையேறி உழைத்த தேகம் களைப்பை மறக்கிறது, வீரபத்திரனாக வேஷங்கட்டியவனுக்கு ஆவேசமும் ஏறுகிறது.

இதே திரும்புதலை இயந்திரத்தைக் கொண்டு செய்தவர்கள் சிக்காகோ நகரத்தார். 1970களின் பிற்பகுதியில் அங்கே ‘வேர்ஹவுஸ்’ என்னும் நடன விடுதியில், கறுப்பினத்தாரும் லத்தீன் அமெரிக்க வம்சத்தாரும் தற்பால் விருப்பினருமாகத் திரண்ட கூட்டத்துக்கு ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் ஒரு பாட்டின் தாளம் அறுமுன் அடுத்ததைப் பிணைத்து இரவு முழுதும் இசைத்தட்டு சுழற்றினார். அதே நகரின் பேஸ்போல் மைதானம் ஒன்றில் 1979 ஜூலை 12 அன்று டிஸ்கோ என்னும் நடன இசையின் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்ததும், அதைக் கண்டு ஆயிரக்கணக்கானோர் மைதானத்துக்குள் பாய்ந்து ஆர்ப்பரித்ததும் சங்கீத விமர்சனம் என்று நம்புவதற்கு மிகுந்த பெருந்தன்மை வேண்டும். அந்த இசைக்கு ஆடியவர்கள் யார் என்பதே பலருக்குச் சகிக்கவில்லை.

ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் செய்து, சந்தையில் விலைபோகாமல் கைவிட்ட ‘டி.பி. 303’ என்னும் மின்னிசைக் கருவியைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிய சிக்காகோ இளைஞர், 1987இல் ‘அசிட் ட்ராக்ஸ்’ என்ற இசைத்தட்டின் மூலம் ஒரு புதிய பாணியையே தோற்றுவித்தனர். ஆயினும் அதற்கு ஐந்து வருஷம் முன்பே, பம்பாய்ச் சினிமா வாத்தியக்காரரான சரண்ஜித் சிங், அதே கருவியில் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு வாசித்துப் பதிவு செய்திருந்தார் என்பதை நம் வாசகர் அறிந்துகொள்வது நல்லது. இராகமென்றால் பண்டிதர் சொத்து, டிஸ்கோ என்றால் பாமரர் கூத்து என்றிருந்த காலத்தில் அந்தத் தட்டைச் சீண்டுவாரில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

பண்டித மனோபாவம் அரசாங்க உத்தியோகம் ஏற்றால் என்ன நேரும் என்பதற்கு 1952 சாட்சி. அவ்வருஷம் இந்தியத் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை அநேகமாக வெளியேற்றினார். நேயர்களோ இலங்கை வானொலிக்குத் திரும்பி, அமீன் சயானியின் குரலில் ‘பினாகா கீத்மாலா’ கேட்டு மகிழ்ந்தார்கள். 1957இல் விவித பாரதி பிறந்ததற்கு அந்தப் படிப்பினையும் ஒரு காரணம்.

இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவ மண்ணிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. இரத்தினபுரி சமன் தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலத்தில் முழங்கும் தவுல் என்னும் மேளத்தை வாசிக்கும் மரபினரும் சிங்களச் சமூகத்தில் தாழ்த்தப்பட்ட பெரவா சாதியாரே. எனினும் சப்ரகமுவ நடனம், கண்டிய நடனத்தோடும் கீழ்நாட்டு நடனத்தோடும் ஒரு வரிசையில் வைக்கப்பட்டுப் பாடசாலைகளில் போதிக்கப்படுகிறது. அண்டையிலுள்ள தோட்டத்துத் தப்புக்கு அந்த ஆசனம் கிட்டவில்லை.

இங்கே ஒரு பேதத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. இனித் தப்பைத் தொடமாட்டோம் என்று மறுக்கும் தோட்டத்து இளைஞரை நான் ஏளனக்காரர் கூட்டத்தில் சேர்க்கமாட்டேன். சாவு வீட்டில் சாதியின் பெயரால் அடித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவன் குச்சியைக் கீழே போடுவது சுயமரியாதை. அடிமைத்தனத்தைச் சுமத்திவிட்டுப் பின்பு அவனுடைய கலையையும் இழிவென்பதே ஏளனம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் தமிழகம் திரும்பியவர்களின் பேரனான பாடகர் அறிவு, தம் பாட்டியின் நினைவிலிருந்து புனைந்து பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் பாட்டு, சந்தோஷ் நாராயணனின் இசையில் 2021இல் உலகைச் சுற்றியது. அதைக் கைப்பேசியில் கேட்டு ஆடிய நம் படிப்பாளிகளில் எத்தனை பேர் பக்கத்து லயத்துத் தப்புக்காரரின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியதால் அவற்றின் சொற்கள் பிழைத்தன. தப்பின் அடிகளுக்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்து இளைஞர்களே, அடுத்த மாசியில் உங்கள் பிரதேசத்தில் எங்கே காமன் ஊன்றிக் கூத்து நடத்தினாலும் கைப்பேசியோடு போய் ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். அடித்தவரின் பெயரை, அவர் சம்மதத்தோடு, அதிலேயே குறித்து வையுங்கள். அவருக்குரிய கூலியையும் மறவாமல் கொடுங்கள்.