நாளும் வாளும்

விவேக் நகர்த் தமிழ் இல்லங்களில், நாளுக்கொரு தாளாகக் கிழிக்கும் நாட்காட்டி சுவரில் தொங்குவதைக் காணலாம். காலையில் நேற்றைய தாளைக் கிழிக்கும் கை இன்றைய தாளில் நிற்பதில்லை. பொங்கல் என்று வருகிறது, ஊர்த் திருவிழாவுக்கு இன்னும் எத்தனை தாள் என்று புரட்டுகிறது. பிழைப்புக்காகப் பெயர்ந்து வந்தோர்க்கு இஃது இயல்பே. மகள் படிப்பு முடியட்டும், கடன் தீரட்டும், பணி ஓய்வு வரட்டும், பிறகு வாழலாம் என்று வாழ்வையே ஒத்திவைத்து விடுகிறோம். இம்மனநிலையை வள்ளுவர் எவ்வாறு காண்கிறார்?

திருக்குறளின் 127ஆம் அதிகாரம் 'அவர்வயின் விதும்பல்'. பிரிந்தோர் மீண்டும் கூடுவதற்கு விரையும் விரைவைச் சொல்வது அது. அதன் முதற்குறளில் ஒரு தலைவி நிற்கிறாள். வழி பார்த்துப் பார்த்து அவள் கண்கள் ஒளி இழந்தன. அவர் சென்ற நாள்களைச் சுவரில் குறித்துத் தொட்டெண்ணி விரல்கள் தேய்ந்தன. நம் நாட்காட்டிக்கு மூத்த நாட்காட்டி அவள் வீட்டுச் சுவர்தான்.

இக்குறளில் 'வாள்' என்னும் சொல் ஒளியைக் குறிக்கிறது. அதனோடு எதுகையாய் 'நாள்' நிற்கிறது. இதே இணையை அறத்துப்பாலின் 'நிலையாமை' அதிகாரத்திலும், 334ஆம் குறளில், காண்கிறோம். ஆங்கே 'வாள்' ஒளியன்று, அறுக்கும் கருவி. நாள் என்பது ஏதோ ஓர் அளவுபோல் தோன்றினும், உணர்வார்க்கு அஃது உயிரை ஈர்ந்து செல்லும் வாள் என்கிறார் வள்ளுவர். அவர் எண்ணியே இவ்விரண்டையும் இணைத்தார் என்று வாதிட வேண்டுவதில்லை. அருகருகே வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். கோடுகள் பெருகப் பெருகக் கூடும் நாள் நெருங்குகிறது என்று தலைவி மகிழலாம். ஆனால் ஒவ்வொரு கோடும் அவள் வாழ்நாளில் விழுந்த வெட்டும் ஆகும். நாள் கழிக என விரும்புவோர் கழியவேண்டும் என்று விரும்புவது தம் வாழ்நாளையே அன்றோ!

ஆயினும் வள்ளுவர் அவளைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. ஏங்குவோர்க்கு ஒருநாள் ஏழுநாள்போல் நீளும் என அவ்வதிகாரத்தின் ஒன்பதாங் குறளில் இரங்குகிறார். பத்தாங் குறளோ நெஞ்சை உலுக்குவது. உள்ளம் உடைந்து போனபின், காத்திருந்தது கிட்டினால் என்ன, கிட்டித் தழுவினால்தான் என்ன என்று கேட்கிறது அது. காத்திருப்பின் இழப்பு வரவேண்டியது வாராமை மட்டுமன்று. வரும்போது பெற்றுக்கொள்ள நாம் எஞ்சாமையும் ஆகும். அறத்துப்பால் அறிவுக்குச் சொன்னதைக் காமத்துப்பால் உணர்வுக்குச் சொல்கிறது.

அவ்வாறாயின் காத்திருத்தலே குற்றமோ? அன்று. 'காலமறிதல்' அதிகாரத்தில் கொக்கைப்போல் காத்திரு என்பவரும் இவரே. ஆனால் கொக்கின் கண் தன் காலடியில் ஓடும் நீரில் இருக்கிறது. தலைவியின் கண்ணோ தொலைவழியில் இருக்கிறது. முன்னது நிகழ்காலத்தில் விழித்திருத்தல்; பின்னது நிகழ்காலத்தை விட்டு நீங்கியிருத்தல். பிறகு பார்ப்போம் என்னாது அறத்தை இன்றே செய்க என 36ஆம் குறள் பணிப்பதும் இவ்விழிப்பையே.

இந்நகரத் தமிழர்க்கு இதனை உணர்த்த ஒரு சான்று அருகிலேயே உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் திறக்கப்பட வேண்டிய வள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. அந்நாளுக்காக ஏங்கியோர் ஏக்கம் மெய்யானது. திறந்தபோது எய்திய மகிழ்ச்சியும் மெய்யானது. எனினும் அப்பதினெட்டு ஆண்டுகளில் எந்த ஒரு நாளிலும் வள்ளுவர் நூல் மூடியிருந்ததில்லை. மாலையில் பிள்ளையை அருகிருத்தி ஒரு குறள் சொல்லிக் கொடுத்த தாய்க்குத் திறப்புவிழா அன்றே நடந்துவிட்டது.

ஊர்த் திருவிழாவுக்கு நாள் எண்ணுவோம்; அது பிழையன்று. ஆனால் நாளைக் காலை தாளைக் கிழிக்குமுன், அதில் அச்சிட்ட தேதியை ஒருமுறை நின்று பார்ப்போம். நமக்கென வந்த நாள் அது.