கீழக் கோபுர வாசலில் கொஞ்சம் நில்லுங்கள்

சிதம்பரம் கோயிலின் கீழக் கோபுர வாசலில் யாரும் நிற்பதில்லை. கால் தானாகச் சன்னதிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த வாசலின் இருபுறச் சுவர்களிலும் கீழிருந்து மேலாக, ஆட்ட நிலைகளான 108 கரணங்களும் கல்லில் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய நாட்டிய சாஸ்திரச் சுலோகத்தைக் கிரந்த எழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்களின் பெயர்ப் பலகைக்கு இதுதான் மூத்த அண்ணன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்திலும் கரணங்கள் உண்டு. அங்கே ஆடுகிறவர் சிவன். 81 கரணங்களோடு வேலை நின்றுவிட்டது; மீதிக் கற்கள் செதுக்கப்படாமலே இருக்கின்றன. சிதம்பரத்தில் ஆடுகிறவள் ஒரு பெண். பக்கத்தில் சின்ன உருவங்களாகத் தாளக்காரர்களும் மத்தளக்காரர்களும். அவர்கள் இருப்பதாலேயே இது இலக்கணப் பாடமாக இல்லாமல் கச்சேரியாகிவிடுகிறது.

முதல் கரணமான தலபுஷ்பபுடத்தில் கை நிறையப் பூ ஏந்தி நிற்கிறாள். பார்க்கிறவர் மூச்சு நிதானப்படும். லலாடதிலகத்துக்கு வந்தால் கதை வேறு: கால் மேலே ஏறி நெற்றியைத் தொடப் போகிறது. பார்த்ததும் என் தொடை நரம்பு சுண்டியிழுத்தது. அழகு என்று மனம் சொல்வதற்கு முன்பே உடம்பு பயந்துவிட்டது! நல்ல சிற்பத்துக்கு நான் வைத்திருக்கும் சோதனை அதுதான். விருத்தாசலம் கோபுரத்தில் 72 கரணங்கள் இருக்கின்றன. அங்கேயும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

சிதம்பரத்திலேயே சிவகாமசுந்தரி சன்னதி முன்மண்டபத்தில் கழுத்து வலிக்க வலிக்க விதானத்தைப் பார்க்க வேண்டும். நாயக்கர் கால ஓவியங்கள். பிட்சாடனரைக் கண்டு தாருகவனத்து ரிஷிபத்தினிகள் நிலைகுலைகிறார்கள். மோகினியின் பின்னால் ரிஷிகள். தாடி வைத்த தவசிகள் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். கோயிலில் சிரிக்கலாமா என்று கூச்சமும் கூடவே வரும். வரைந்தவர் இரண்டையும் எதிர்பார்த்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

கோயிலுக்கு வெளியேயும் ஒரு நடராஜரைப் பார்க்கலாம்: சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். அந்த அருங்காட்சியகத்து நடராஜர் படிமங்களின் புகைப்படங்களை வைத்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921இல் அது அச்சேறியது. எழும்பூரில் நடராஜருக்கு உடையில்லை, மாலையில்லை. முதுகு, இடுப்பின் வளைவு, வார்ப்பின் நேர்த்தி எல்லாம் கண்ணுக்குக் கிடைக்கும். எனக்கு வியப்பு வந்தது, நெகிழ்ச்சி வரவில்லை. சிதம்பரத்தில் நடராஜர் இருக்கும் சிற்றம்பலத்திலோ பட்டும் நகையும் பூவும் போக மிஞ்சுவது முகமும் தூக்கிய திருவடியும்தான். ஸ்தபதியின் வேலையில் பெரும்பகுதி மறைந்துபோகிறது. ஆனால் தீபாராதனை வெளிச்சம் அந்தப் பாதத்தில் பட்டபோது தொண்டை அடைத்தது. பக்தியா ரசனையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கலையை அறிய எழும்பூருக்குப் போக வேண்டும், கரையச் சிதம்பரத்துக்கு வர வேண்டும் என்பது என் கட்சி.

கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் கற்சிற்பங்களை நிதானமாகப் பார்க்கிறவர்கள்கூடக் கோயில் வாசலில் அவசரப்படுகிறார்கள். காலையில் கீழ்வெயில் கோபுர வாசலுக்குள் சாய்வாக விழும் நேரம் நல்லது. அடுத்தமுறை தரிசனத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வாருங்கள்; கல்லைத் தொடாமல், விபூதி குங்குமத்தை அதன்மேல் துடைக்காமல், அந்த ஆட்டக்காரிகளைப் பாருங்கள்.