ஊர் சொல்லும் கற்கள்

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள பிக்டோ வட்டாரத்துப் பழைய கல்லறைக் கற்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. 1773 செப்டம்பரில் ‘ஹெக்டர்’ கப்பல் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குடும்பங்களை இறக்கிவிட்ட கரை அது.

அந்தக் குடும்பங்களின் பூர்வீகத்தைத் தேடுபவர்களுக்கு ஒரு சிக்கல்: 1865க்கு முன் கனடா வந்தவர்களின் கப்பல் பட்டியல்கள் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பை அரசு பதியத் தொடங்கியது 1855இல். அதற்கு முன்பு தேவாலயப் பதிவேடுகளைத்தான் நம்ப வேண்டும். எந்தப் பங்கு (தேவாலய வட்டாரம்) என்று தெரியாமல் தேடினால் ஒரே பெயரில் பலர் வந்து நிற்பார்கள்.

கல் அங்கேதான் கைகொடுக்கிறது. சதர்லண்ட், ராஸ் என்று பிறந்த சீமையைப் பொறித்திருப்பார்கள்; சிலவற்றில் பங்கின் பெயரே இருக்கும். என்னை மிகவும் கவர்வது, மனைவியைப் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரோடு குறிக்கும் ஸ்காட்லாந்து வழக்கம். கணவர் பெயரும் அவள் பெயரும் சேர்ந்து கிடைத்தால் கடலுக்கு அப்பால் அவர்களுடைய திருமணப் பதிவைத் தேடலாம். பிள்ளைகளின் பெயர்களும் பேசும்: மூத்தவனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. ஆனாலும் நல்ல தடயம்.

எழுத்து மங்கியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்க்கவே கூடாது, கல் உதிர்ந்துவிடும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் போதும், பெயர் தெரியும்.