உளவு எனப்பட்ட எழுத்து

1929 மார்ச்சில் பேர்லினின் ‘டீ வெல்ட்பியூனே’ வார இதழ் வெளியிட்ட வால்ற்றர் கிரைசரின் விமானத்துறைக் கட்டுரையைச் சிறந்த எழுத்தென்றே நாம் மதிக்கிறோம். ஆரவாரம் அதில் இல்லை. வேர்செயில்ஸ் உடன்படிக்கை தடைசெய்த விமானப்படை அரசின் செலவுக் கணக்குகளில் ஒளிந்திருந்ததை அது காட்டிற்று. சில விமானங்கள் நாட்டுக்கு வெளியே இருப்பதையும் குறிப்பாற் சுட்டிற்று. சோவியத் நாட்டின் லிப்பெற்ஸ்க்கில் ஜேர்மன் விமானிகள் இரகசியமாகப் பயின்ற காலம் அது.

அரசுகள் தமக்குள் பரிமாறியது ஒத்துழைப்பாம். மக்களுக்கு உரைத்தது உளவாம்! 1931இல் கிரைசருக்கும் ஆசிரியர் ஒசியெற்ஸ்கிக்கும் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

சோஷலிச நாடு சம்பந்தப்பட்டதென்பதற்காக இதனை நாம் மறைத்தல் தகாது. அங்கு பயின்றோரையும் கொண்டெழுந்த விமானப்படையே 1941இல் அந்நாட்டின்மீது குண்டு பொழிந்தது.

1992இலும் ஜேர்மன் உயர் நீதிமன்றம் வழக்கை மீளத் திறக்க மறுத்தது. உண்மை நிரூபணமாயிற்று, தீர்ப்போ மாறவில்லை.